எண்ணெய்க் கிணற்றுத் தண்ணீரும் ஏட்டய்யாவின் நாக்கும்

போலீஸ் ஸ்டேஷனுக்குள் நான் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன். பன்னிரண்டு பாட்டில் சரக்கு கடத்தியதாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். உள்ளே இருந்தது தண்ணீர். அதைத் தண்ணீர்தான் என்று ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

மதுவிலக்கு அமலில் இருந்த காலம், அறுபதுகளின் பின்பாதி. எனக்கு இருபத்துமூன்று வயது. வீடு ராயபுரத்தில். அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். அம்மா எங்கள் மாதா கோயில் பாட்டுக் குழுவில் முதல் குரல், வீட்டிலும் அப்படித்தான். கெமிஸ்ட்ரி படித்த நான் திருவொற்றியூரில் ஒரு சின்னப் பரிசோதனைக்கூடத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கூடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். முன்பு மிளகாய் மண்டியாக இருந்த இடம். மழைக்காலத்தில் சுவர் ஈரமானால் பழைய நெடி கிளம்பும். தும்மாமல் ஒரு அளவும் எடுக்க முடியாது. சுற்றியிருந்த தொழிற்சாலைகளின் பாய்லர் தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் எங்கள் பிழைப்பு. ஆட்கள் மொத்தம் இரண்டு பேர்: மானேஜர், நான்.

மானேஜர் திருநெல்வேலிக்காரர். சென்னைக்கு வருவதற்கு முன் அஸ்ஸாம் பக்கம் ஒரு பழைய எண்ணெய் வயலில் பல வருஷம் இருந்தவர். மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தால் எண்ணெய்க் கிணற்றுக் கதையையும் திறந்துவிடுவார். அதனால் கடலோரத்தைத் தாண்டியறியாத எனக்கு, எண்ணெய்க் கிணற்றின் வியாதிகள் எல்லாம் அத்துப்படி.

பூமிக்குள் ஆழமாகத் துளை போட்டு, அது சரிந்துவிடாமல் இருக்க இரும்புக் குழாய் இறக்குவார்களாம். அதற்கு 'கேசிங்' என்று பெயர். குழாய்க்கும் மண்ணுக்கும் இடையில் சிமெண்டு. கிணறு இளசாக இருக்கும்வரை எண்ணெய் மட்டும் வரும். வயதானால் கூடவே தண்ணீரும் வர ஆரம்பிக்கும். நாளாக நாளாகத் தண்ணீர்தான் வரும், எண்ணெய் பெயருக்கு மிதக்கும். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் சிக்கல். குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்து, மேல்மட்டத்து நல்ல தண்ணீர் உள்ளே புகுந்திருக்கலாம். இல்லையென்றால், எண்ணெய்க்கு அடியில் காலங்காலமாகக் கிடக்கும் உப்புத் தண்ணீர் மேலே ஏறியிருக்கலாம். முதலாவது என்றால் ஓட்டையைத் தேடிப் பிடித்து சிமெண்டை அழுத்தி அடைக்க வேண்டும். இரண்டாவது என்றால் கிணற்றின் அடிப்பாகத்தையே மூட வேண்டும்.

"மாத்திச் செஞ்சா, சொத்தப் பல்ல விட்டுட்டு நல்ல பல்லப் பிடுங்குன கதைதாம்மா" என்பார் மானேஜர். அந்த வாரம் அவருக்கே அது நடந்திருந்தது. கன்னம் பன் ரொட்டி மாதிரி வீங்கியிருக்க, வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு பேசினார்.

அப்போதுதான் அவருடைய பழைய எண்ணெய் வயலிலிருந்து கடிதம் வந்தது. அங்கே நான்கு கிழட்டுக் கிணறுகளில் தண்ணீர் ஏறிவிட்டது. ஓர் அதிகாரி நான்கிலும் குழாய் ஓட்டை என்று சாதித்தார். இன்னோர் அதிகாரி நான்கிலும் அடித்தண்ணீர் என்று சாதித்தார். சண்டை முற்றி, ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவதைக்கூட நிறுத்திவிட்டார்கள். கடைசியில் இருவருக்கும் பொதுவாக, ரொம்ப தூரத்தில் இருக்கிற ஓர் ஆளிடம் தண்ணீரைக் கொடுத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஒரு கிணற்றுக்கு மூன்று பாட்டில், மொத்தம் பன்னிரண்டு, ரயிலில் வருகிறது.

பெட்டி வந்து சேர்ந்ததாகத் தகவல் வந்த அன்று மானேஜருக்கு வாயைத் திறக்கவே முடியவில்லை. கையால் ரயில் மாதிரி ஜாடை காட்டி, என்னைக் காட்டி, கதவைக் காட்டினார். நான் கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டுக்குக் கிளம்பினேன்.

முந்தின நாள் நல்ல மழை. பெட்டி நனைந்து, தொட்டதும் அடிப்பலகை கழன்றுவிட்டது. உள்ளே வைக்கோல். வைக்கோலை விலக்கினால் எனக்குத் தலை சுற்றியது. சாம்பிள் பாட்டில் கிடைக்கவில்லை போலிருக்கிறது, அதிகாரிகள் தங்கள் கிளப்பில் காலியான பாட்டில்களில் தண்ணீரைப் பிடித்து மெழுகு வைத்து அடைத்து அனுப்பியிருந்தார்கள். பிராந்தி, ரம், விஸ்கி. லேபிள்கள் ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளவென்று இருந்தன. ஒவ்வொரு கழுத்திலும் கிணற்று நம்பர் எழுதிய அட்டை நூலில் தொங்கியது.

கூட்ஸ் குமாஸ்தா பாட்டில்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "கையெழுத்துப் போட்டுட்டு சீக்கிரம் எடுத்துகினு போயிடும்மா. நா ஒண்ணும் பாக்கல" என்று சொல்லி, உண்மையாகவே முதுகைத் திருப்பிக்கொண்டார்.

வெளியே ஒரு சைக்கிள் ரிக்‌ஷா நின்றது. ஓட்டுபவர் நாற்பது வயதுக்காரர், மெலிந்த ஆள். பாட்டில்களை ஒவ்வொன்றாக நான் சீட்டில் அடுக்குவதைப் பார்த்தவரின் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு மரியாதை படர்ந்தது.

"இன்னா தங்கச்சி, இம்மாம் பாட்டிலு கீது?"

"தண்ணிண்ணே."

"அத்த நீ சொல்லணுமா? ஊரே தண்ணின்னுதான் சொல்லுது."

"ஐயோ, அந்தத் தண்ணி இல்லண்ணே. நிஜத் தண்ணி. எண்ணெய்க் கிணத்துத் தண்ணி."

"கரீட்டு. ஆரு கேட்டாலும் இப்டியே சொல்லு. நா கண்டுக்க மாட்டேன்" என்று கண்ணடித்தார். "மெயின் ரோட்ல போனா பேஜாரு. நீ குந்து. சந்துலயே வுட்டு உன்ன திருவொத்தியூருக்குக் கொணாந்து சேக்கறேன்."

மெயின் ரோட்டிலேயே போகலாம், எனக்கு ஒரு பயமும் இல்லை என்று நான் சொல்லச் சொல்ல அவருக்கு என் மேல் பிரமிப்புதான் கூடியது. தன் மேல்துண்டை எடுத்துப் பாட்டில்களுக்குப் போர்த்தினார். என் குடையை விரித்து அதன் மேல் சாய்த்தார். பிறகு சந்துக்குள் திருப்பினார். ஒரு சந்து இன்னொரு சந்தில் போய் விட்டது. பாட்டில்கள் கோயில் மணி மாதிரி கிணுகிணுத்தன. சத்தத்தை மறைக்க அவர் உரக்கப் பாட ஆரம்பித்தார். குரல் கேட்டு வீடுகளிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அரை மணி நேரம் இப்படி ரகசியமாகப் போய், கடைசிச் சந்து திரும்பியதும் சர்ரென்று பிரேக் போட்டார்.

எதிரே போலீஸ் ஸ்டேஷனின் பின்வாசல். அங்கிருந்த பப்பாளி மரத்தடியில் ஒரு ஏட்டய்யா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

ரிக்‌ஷாக்காரர் சும்மா இருந்திருந்தால்கூடத் தப்பித்திருப்போம். அவரோ இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். "சார், தண்ணிதான் சார்! வெறும் தண்ணி!" என்றார், யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே.

ஏட்டய்யா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, துண்டை விலக்கிப் பார்த்தார். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். மீசை நுனியில் டீ ஒட்டியிருந்தது. ஓர் அட்டையைத் தூக்கிப் படித்தார்.

"டபிள்யூ பதினாலு. டபிள்யூன்னா விஸ்கிதானே?"

"இல்ல சார். டபிள்யூன்னா வெல். கிணறு."

"கிணறா? விஸ்கில கிணறே வெட்டிட்டாங்களா?"

உள்ளே கொண்டுபோய் மேஜை மேல் பன்னிரண்டையும் வரிசையாக நிறுத்தினார்கள். பெண்ணைப் பிடித்தால் எங்கே உட்கார வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. லாக்கப்பில் வைக்க முடியாது, நாற்காலி கொடுத்தால் மரியாதை கொடுத்த மாதிரி ஆகிவிடும். கடைசியில் ஒரு சைக்கிள் டயர் மூட்டையின் மேல் உட்கார வைத்தார்கள். ரிக்‌ஷாக்காரர் மூலையில் குத்த வைத்தார். "தங்கச்சி, கேட்டா தண்ணின்னே சொல்லு, மாத்தாதே" என்று ஊருக்கே கேட்கும்படி எனக்குக் கிசுகிசுத்தார்.

ஏட்டய்யா வாக்குமூலம் எழுத உட்கார்ந்தார்.

"இது எங்கேந்து வர்து?"

"எண்ணெய்க் கிணத்துலேந்து சார்."

"எண்ணெக் கிணத்துல எண்ணெதானே வரும்? தண்ணி எப்டி வரும்?"

"அது வரக்கூடாது சார். வந்துடுச்சு. அதான் இங்க அனுப்பியிருக்காங்க."

"வரக்கூடாத தண்ணி." எழுதினார். நிமிர்ந்தார். "ஏன் வந்துது?"

"அது தெரிஞ்சா ஏன் சார் அனுப்பப் போறாங்க?"

அவர் பேனாவை மூடி, என்னை இரக்கத்தோடு பார்த்தார். "ஏம்மா, படிச்ச பொண்ணு மாதிரி கீறே. ஒரு பொய்ய நல்லா யோசிச்சி சொல்லக் கூடாதா?"

எனக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. கோபம்தான் ஜெயித்தது. எழுந்து பின்வாசலுக்குப் போய், பப்பாளி மரத்தில் இரண்டு இலைக் காம்புகளை ஒடித்துக்கொண்டு வந்தேன். யாரும் தடுக்கவில்லை, கைதி தானாக வெளியே போய்த் தானாகத் திரும்பி வந்தது அவர்களுக்குப் புதிதாக இருந்திருக்கும். ஒரு வாளி நிறையத் தண்ணீர் கேட்டேன். கொண்டுவந்து வைத்தார்கள்.

பப்பாளிக் காம்பு உள்ளே குழாய் மாதிரி காலியாக இருக்கும். ஒரு காம்பின் அடியை மரத்தடியில் எடுத்த களிமண்ணால் அடைத்து, வாய் மேலே தெரியும்படி வாளிக்குள் நிறுத்தினேன். "இதான் சார் கிணத்துக் குழாய். உள்ள தண்ணி இருக்கா?" ஏட்டய்யா ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார். இல்லை. என் புடவையில் இருந்த ஊக்கைக் கழற்றிக் காம்பின் பக்கத்தில் ஓட்டை போட்டு மறுபடி நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் எடுத்துக் கவிழ்த்தால் தண்ணீர் கொட்டியது. "குழாய்ல ஓட்டை விழுந்தா இப்படி." அடுத்த காம்பில் ஓட்டை போடாமல், அடியையும் அடைக்காமல் நிறுத்தினேன். அதிலும் தண்ணீர் ஏறியது. "இது அடியிலேந்து வர்றது. மேலேந்து பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். எது எதுன்னு எப்படி சார் கண்டுபிடிப்பீங்க?"

ஏட்டய்யா வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானே வெளியே போய் நாலைந்து காம்பு ஒடித்து வந்தார். ஒரு கான்ஸ்டபிள் நிறைய ஓட்டை போட்டுப் பார்த்தார். இன்னொருவர் மேலே வாயை வைத்து ஊதிக் குமிழி விட்டார். ஊதியவர் கொஞ்சம் பலமாக ஊத, பக்கத்தில் இருந்தவரின் சட்டையெல்லாம் தண்ணீர். அவர் பதிலுக்கு ஒரு காம்பில் உறிஞ்சிக்கொண்டு துப்பினார்.

அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார்.

மேஜை மேல் பன்னிரண்டு பாட்டில். தரையெல்லாம் ஈரம். வாயில் பப்பாளிக் காம்போடு மூன்று போலீஸ்காரர்கள். அவர் என்ன நினைத்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

"எத்தனை பாட்டில்யா காலி பண்ணீங்க?" என்றார்.

விஷயத்தைச் சொல்லிப் புரியவைக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. இன்ஸ்பெக்டர் கண்டிப்பானவர், ஆனால் முறையானவர். "நீங்க சொல்றதும் வேண்டாம், அவங்க சொல்றதும் வேண்டாம். ஒரு கெமிஸ்ட் வந்து பாத்து எழுதிக் கொடுக்கட்டும். பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"திருவொத்தியூர்ல ஒரு லேபு கீது சார்" என்று ஏட்டய்யா நம்பரைத் தேடி எடுத்தார். அது எங்கள் நம்பர். நான் வாயைத் திறப்பதற்குள் இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி அடக்கிவிட்டு போனைச் சுழற்றினார். மறுமுனையில் மானேஜரின் கிராம்புக் குரல் எனக்கே கேட்டது.

"ஒரு கெமிஸ்ட் வேணும். அவசரம்."

"கெமிஷ்டு வெழிய போயிழுக்கு."

"எப்ப வருவாங்க?"

"காழைல போச்சு. கொழுக்குப்பேட்டைக்கு. இன்னும் காணோம். எனக்கே கவழையா இழுக்கு."

"எப்படி இருப்பாங்க?"

"நீழப் புடவை. கையில குடை."

இன்ஸ்பெக்டர் என் புடவையைப் பார்த்தார். குடையைப் பார்த்தார். "அந்த கெமிஸ்ட் நான்தான் சார்" என்றேன் டயர் மூட்டையிலிருந்து.

"அக்யூஸ்டே எக்ஸ்பர்ட்டா?" என்றார் அவர். பிறகு போனில், "நீங்களே கிளம்பி வாங்க. சோதனை பண்ற சாமானும் கொண்டு வாங்க" என்று சொல்லி வைத்தார்.

மானேஜர் வந்து சேர்வதற்குள் அம்மா வந்துவிட்டாள். சந்து சந்தாகப் பாடிக்கொண்டு போனதன் பலன். மீன் விற்கிற ஒரு அம்மாள் என்னைப் பார்த்து ஒருத்தியிடம் சொல்ல, அவள் இன்னொருத்தியிடம் சொல்ல, சேதி ராயபுரம் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு பாட்டில் நாலு பீப்பாய் ஆகியிருந்தது. அம்மா பாட்டுக் குழுவில் இரண்டு பேரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்திருந்தாள். உள்ளே நுழைந்ததும் இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை, பாட்டிலைப் பார்க்கவில்லை, நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"ஊதுடி."

"அம்மா..."

"ஊதுங்கறேன்ல!"

அத்தனை பேர் முன்னிலையில் ஊதினேன். அம்மா முகர்ந்தாள். துணைக்கு வந்த இருவரையும் முகரச் சொன்னாள். "காலையில சாப்ட்ட வெங்காயச் சட்னிதான்" என்று மூவரும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் அம்மா இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி, "எம் பொண்ண எதுக்கு இட்டாந்து குந்த வெச்சிருக்கீங்க?" என்று ஆரம்பித்தாள். முதல் குரல் என்று சொன்னேன் அல்லவா, ஸ்டேஷன் ஓட்டில் இருந்த காக்கைகள் பறந்தன.

அந்தச் சத்தம் தாங்காமல்தான் ஏட்டய்யா அந்த முடிவுக்கு வந்தார் என்று நினைக்கிறேன். "சார், எதுக்கு சார் இவ்ளோ கலாட்டா? பத்தொன்பது வருசமா சாராயம் புட்ச்சிகினு கீறேன். நாக்குல ஒரு சொட்டு வெச்சா, எந்தக் குப்பத்துல, எந்தப் பானையில காச்சினதுன்னு சொல்லிடுவேன்."

"சார், வேண்டாம் சார், அது குடிக்கிற தண்ணி இல்ல" என்று நான் கத்தினேன். அதற்குள் அவர் மெழுகை உடைத்து, விரலால் தொட்டு, நாக்கில் வைத்துவிட்டார்.

அந்த மீசை இரண்டு பக்கமும் மேலே போனது. "த்தூ! உப்புக் கரிக்குது! எண்ணூர் கடல் தேவலை! மண்ணெண்ண நாத்தம் வேற!" வெளியே ஓடிப்போய்த் துப்பிவிட்டு வந்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். தொழில் கௌரவம் விடவில்லை. அடுத்த பாட்டில். அதுவும் உப்பு. அடுத்தது. ஓடினார், துப்பினார், வந்தார். டபிள்யூ பதினான்கு என்று அட்டை தொங்கிய பாட்டிலுக்கு வந்தபோது மட்டும் ஓடவில்லை. இன்னொரு முறை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"இது உப்பு இல்ல."

"என்னது?" என்றேன்.

"மண்ணெண்ண வாசன கீது. ஆனா உப்பு இல்ல. கொழாத்தண்ணி மாதிரி கீது."

நான் எழுந்துவிட்டேன். "அதே நம்பர் இன்னும் ரெண்டு இருக்கு பாருங்க சார்!" குடிக்காதீர்கள் என்று சற்று முன்னால் கத்தியது நான்தான் என்பதே மறந்துவிட்டது. அவர் மற்ற இரண்டையும் தேடித் தொட்டு நாக்கில் வைத்தார். அவையும் உப்பில்லை. மிச்சம் ஒன்பதும் உப்பு.

மானேஜர் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார். நான் கைதி என்பதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பதினாலு நல்ல தண்ணி சார்! குழாய் ஓட்டை!" என்று நான் சொன்னதும், வீங்கிய கன்னத்தோடு சிரித்து, சிரித்ததற்காக "ஆ" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு மேஜை மேலேயே காட்டினோம். உப்பு இருந்தால் வெள்ளையாகத் திரியும். ஒன்பது பாட்டில் தண்ணீரும் பால் மாதிரி வெளுத்தது. பதினான்கு மட்டும் லேசாக மங்கலாகி அப்படியே நின்றது. தண்ணீர் பாலாவதைப் பார்த்ததும் அம்மாவோடு வந்த ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டு முழங்காலிடப் போனாள். "எழுந்திரு, இது கெமிஸ்ட்ரி" என்று அம்மா அதட்டினாள். கெமிஸ்ட்ரி படிப்பு எதற்கு என்று மூன்று வருஷம் என்னோடு சண்டை போட்டவள் அவள்தான்.

'பாட்டில்களில் இருப்பது தண்ணீர்' என்று மானேஜர் எழுதிக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் அதில் கெமிஸ்ட் கையெழுத்தும் வேண்டுமென்றார். என்னைப் பிடித்தது தப்பு என்பதற்கு நானே சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன். ரிக்‌ஷாக்காரர் கடைசிவரை நம்பவில்லை. "சோக்கா தப்பிச்ச தங்கச்சி" என்று என்னைப் பாராட்டிவிட்டு, பாட்டில்களை மறுபடி அடுக்கி, இந்த முறை மெயின் ரோட்டிலேயே ராஜாவாக ஓட்டிக்கொண்டு வந்தார்.

மறுநாள் லேபில் எல்லாவற்றையும் முறையாக அளந்து பார்த்தேன். ஏட்டய்யா சொன்னதில் ஒன்றுகூடத் தப்பவில்லை. மானேஜர் நேர்மையானவர், அறிக்கையின் கடைசியில், 'மதுவிலக்குப் பணியில் நீண்ட அனுபவமுள்ள காவல்துறை ஊழியர் ஒருவர் சுவைத்துக் கண்ட முடிவும் இதனோடு ஒத்துப்போகிறது' என்று ஒரு வரி சேர்த்துவிட்டார். வேண்டாம் சார் என்று சொன்னேன். உண்மைதானே என்றார். உடனே பதில் வந்தது. எண்ணெய்க் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிப் பேச அந்தக் காவலருக்கு என்ன தகுதி என்று கேட்டிருந்தார்கள். இரண்டு அதிகாரிகளும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட முதல் கடிதம் அதுதான் என்று மானேஜருக்கு ஒரே சந்தோஷம்.

கொஞ்ச மாதம் கழித்து விவரம் தெரிந்தது. பதினான்காம் கிணற்றில் குழாயில் ஓட்டை இருந்த இடத்தைக் கண்டுபிடித்து சிமெண்டு வைத்து அடைத்தார்களாம், தண்ணீர் நின்றுவிட்டது. மற்ற மூன்றிலும் அடியை மூடினார்கள். இரண்டில் எண்ணெய் திரும்பி வந்தது, ஒன்று வரவே இல்லை. ஓட்டை என்று சொன்னவர் தான் சொன்னதே சரியாயிற்று என்றும், அடித்தண்ணீர் என்று சொன்னவர் தான் சொன்னதே சரியாயிற்று என்றும் தனித்தனியாக நன்றிக் கடிதம் எழுதி, ஆளுக்கு ஒரு டப்பா அஸ்ஸாம் தேயிலை அனுப்பினார்கள். ஒன்றை மானேஜர் எடுத்துக்கொண்டார். இன்னொன்றை நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அது தீரும்வரை யார் வந்தாலும் அம்மா அந்த டீயைப் போட்டுக் கொடுத்து ஸ்டேஷன் கதையையும் சொன்னாள். அவள் சொன்ன கதையில் இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று அவளுக்கு நாற்காலி போட்டார். நான் டீ டம்ளர்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேனே தவிர, திருத்தப் போகவில்லை.